டகோமாவின் முன்பக்கத்தை ஸ்பேசர் வைத்து உயர்த்துவது: எவ்வளவு, எந்த வகை, எப்படி

உங்களிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு டொயோட்டா டகோமா, நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம். முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை. வண்டியை மட்டமாக்க, மூன்று அங்குலம் உயர்த்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் அலுமினிய ஸ்பேசர் (இடைத்தட்டு) ஜோடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை வீட்டுக் கராஜிலேயே பொருத்தலாமா, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டுமா, பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பொருத்தலாம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் அமரும் வகை என்பதால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை. அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த மூன்று அங்குல ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் வண்டியை அளந்து பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும், எப்படியும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாமல் உயர்த்தும் ஒன்றை வாங்குங்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன.

முன்பக்கம் தாழ்ந்திருப்பதைத் தொழிற்சாலையின் குறையாக எண்ண வேண்டாம். பிக்கப் வண்டி சுமை தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. பின்தொட்டியில் பாரம் ஏற்றினாலோ, டிரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அப்படி அமுங்கிய நிலையில் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வெறும் வண்டியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறார்கள். ஆகவே வார இறுதிதோறும் டிரெய்லர் இழுப்பவர்கள், தொட்டியில் எப்போதும் கருவிப் பெட்டியும் கூடாரமும் சுமப்பவர்கள் முன்பக்கத்தை முழு மட்டத்துக்கு உயர்த்தினால், பாரம் ஏறியதும் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும், விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நீங்கள் பெரும்பாலும் வெறும் வண்டியாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றாலும், பின்பக்கம் அரை அங்குலமாவது உயர்ந்து நிற்கும்படி விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து.

எவ்வளவு உயர்த்துவது என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை முன்னும் பின்னும் அளந்து, அந்த வித்தியாசத்தையே சாய்வு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முன் ஃபெண்டரின் வளைவும் பின் தொட்டியின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாததால், அந்த அளவு ஏமாற்றும். கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையையோ சேஸின் நீளச் சட்டத்தையோ அடிப்படையாகக் கொள்ளுங்கள். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் உரிய காற்றழுத்தம் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பட்டையில் 60 அங்குல இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் 0.6 அங்குலம் என்று வந்தால், நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலச் சாய்வு. உங்கள் வண்டியின் சக்கர இடைத்தூரம் ஏறத்தாழ 127 அங்குலம் என்பதால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான சாய்வு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியில் மூன்று அங்குல ஸ்பேசரை வைத்தால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும்.

இதோடு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வையுங்கள். உயர்த்திய பின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிடுவதற்கு இந்த அளவுதான் உதவும், ஏனெனில் இதில் டயரின் காற்றழுத்தமோ தேய்மானமோ குறுக்கிடாது. இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கால் அங்குலமோ அரை அங்குலமோ தாழ்ந்திருந்தால் பதற வேண்டாம். ஓட்டுநர் இருக்கையும் எரிபொருள் தொட்டியும் இடது பக்கம் இருப்பதால் டகோமாவில் இது வழக்கமாகக் காணப்படும் சாய்வுதான். இதைச் சரிசெய்ய ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு மெல்லிய தட்டு சேர்த்துத் தரும் ஸ்பேசர் ஜோடிகள் கிடைக்கின்றன.

இனி ஸ்பேசர் எப்படி உயர்த்துகிறது என்பதைப் பார்ப்போம். 2005 முதல் 2015 வரை வந்த டகோமாவின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்கள் இருக்கின்றன. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் அடிப்பாகம் கீழ் ஆர்மில் மாட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஆர்மின் வெளி நுனியில் இல்லை, ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. கிணற்று ஏற்றத்தின் நடுப்பகுதி ஒரு சாண் இறங்கும்போது நுனி இரண்டு சாண் இறங்குவதைப் போல, ஸ்ட்ரட்டின் தலையில் ஓர் அங்குலத் தட்டை வைத்தால் சக்கரம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் கீழே தள்ளப்படுகிறது, அதாவது வண்டி அந்த அளவுக்கு உயர்கிறது. உங்கள் பெட்டியில் மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தும் உள்ளே இருக்கும் தட்டு ஒன்றரை அங்குலம் கனம் மட்டுமே இருப்பதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணியிருந்தால், காரணம் இதுதான். தட்டின் கனத்தையும் வண்டி உயரும் அளவையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு இரண்டு அங்குல உயரத்துக்காக இரண்டு அங்குலக் கனமுள்ள தட்டைச் செய்து பொருத்துவது ஆபத்தான தவறு. மாறாக, ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளில் முன் அச்சு ஒரே திடமான குழாயாக இருப்பதாலும் ஸ்பிரிங் நேராக அந்த அச்சின் மேல் அமர்வதாலும், ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் இரண்டு அங்குல வளையம் வண்டியை ஏறத்தாழ இரண்டு அங்குலமே உயர்த்தும். அங்கே வரும் சிக்கலும் வேறு. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார் சாய்வதால் அச்சு சற்று ஒரு பக்கமாக நகரும், ஸ்டீயரிங் சக்கரம் நேராக நிற்காது. ஒரு வண்டிக்காரர் சொல்லும் அனுபவத்தை இன்னொரு வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

ஸ்பேசர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை உங்களிடம் இருப்பது: ஸ்ட்ரட்டின் தலைக்கும் அது பொருந்தும் சேஸின் தாங்கிக்கும் இடையே அமர்வது. இதில் ஸ்ட்ரட் பிரிக்கப்படுவதில்லை, ஸ்பிரிங் தொடப்படுவதில்லை. இரண்டாவது வகை, ஸ்ட்ரட்டைப் பிரித்து, ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைப்பது. இதற்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை கைகளையும் முகத்தையும் நொறுக்கப் போதுமானது என்பதால், இந்த வேலையை வீட்டில் முதன்முறையாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது வகை ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிடுகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியான விளக்கம் அன்று. வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் சுமக்கும் எடை, ஸ்பேசர் வைப்பதற்கு முன் எவ்வளவோ அவ்வளவுதான். எடை மாறாததால் ஸ்பிரிங் சுருங்கி நிற்கும் நீளமும் மாறுவதில்லை. மாறுவது ஷாக் அப்சார்பரின் நிலை. அது தன் நீட்சியின் எல்லையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் ஷாக் சீக்கிரமே முழுதாக நீண்டு, ‘டங்’ என்று அடித்து நிற்கிறது. ஓட்டுபவர் கடினம் என்று உணர்வது இந்த இடியைத்தான். முதல் வகையில் இந்தக் குறை இல்லை. ஷாக்கின் நடுநிலை அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் மொத்த ஓட்டமும் கீழ்நோக்கி இடம்பெயர்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, தொழிற்சாலை ஒருபோதும் எதிர்பார்க்காத அளவுக்குக் கீழே போகிறது. மேலே வரும்போதோ, சேஸில் உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப் தாங்கிக்கொள்வதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

மூன்று அங்குலம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது. சக்கரம் அந்த அளவுக்குக் கீழே தொங்கும்போது மூன்று இடங்களில் எல்லை மீறப்படுகிறது. மேல் ஆர்மைச் சக்கரத் தாங்கியோடு இணைக்கும் உருண்டை மூட்டான மேல் பால் ஜாயிண்ட் தன் கிண்ணத்துக்குள் திரும்பக்கூடிய கோணத்தின் விளிம்புக்குப் போய், உலோகம் உலோகத்தை நெம்பத் தொடங்குகிறது. மேல் கன்ட்ரோல் ஆர்ம் இறங்கி, காயில் ஸ்பிரிங்கையே போய்த் தொடுகிறது. முன் டிஃப்பரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் சிவி ஜாயிண்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் மடங்குகிறது. அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. சாலையில் மட்டும் ஓடும் வண்டியில் சக்கரம் முழுதாகத் தொங்குவது அரிது. கரடுமுரடான பாதையில் அதுதான் அன்றாடம், பலர் வண்டியை உயர்த்துவதும் அத்தகைய பாதைக்காகத்தான்.

என் முதல் டகோமாவில் நான் மூன்று அங்குல ஸ்பேசர்தான் வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஓர் ஆண்டுக்குள் இரண்டு பக்கமும் உட்பக்கச் சிவி உறைகளின் மடிப்புகள் தேய்ந்து கிழிந்து, கிரீஸ் சேஸ் முழுவதும் தெறித்திருந்தது. ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மேல் ஆர்ம் வந்து இடித்த இடத்தில் ஸ்பிரிங்கின் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. ஸ்பிரிங்கின் மேற்பரப்பில் விழும் அத்தகைய கீறலிலிருந்து அது முறியத் தொடங்கலாம் என்பதால் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒன்றரை அங்குலம் உயர்த்தும் தட்டுகளுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

சிவி ஜாயிண்டின் கோணத்தைக் குறைக்க, முன் டிஃப்பரன்ஷியலைச் சற்றுத் தாழ்த்தும் குட்டையான உருளைகளைச் சிலர் சேர்த்து விற்கிறார்கள். ஒன்றரை அங்குல உயர்வுக்கு அவை தேவையில்லை. அவை டிஃப்பரன்ஷியலைத் தாழ்த்துவதால், கஷ்டப்பட்டுப் பெற்ற அடி இடைவெளியில் ஒரு பகுதியும் போய்விடும். ஸ்பேசரின் மேல் இன்னொரு ஸ்பேசர், அல்லது முதல் வகையையும் இரண்டாம் வகையையும் சேர்த்து வைப்பது என்பதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உண்மையிலேயே தேவைப்படும் என்றால் அதற்குரிய வழி நீளமான ஸ்பிரிங்கும், அதற்கேற்ற ஷாக்கும், கோணம் திருத்திய மேல் கன்ட்ரோல் ஆர்மும்தான். பில்ஸ்டைன் 5100 போன்ற ஷாக்குகளில் ஸ்பிரிங் இருக்கையின் உயரத்தை வெவ்வேறு பள்ளங்களில் மாற்றி வைக்க முடியும். அவை விலை கூடியவை என்றாலும், பழைய ஷாக்குகள் எண்பதாயிரம் மைலைத் தாண்டியிருந்தால் ஸ்பேசருக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தைச் சேர்த்து வைப்பதே மேல். தளர்ந்த ஷாக்கின் தலையில் புதுத் தட்டை வைப்பதில் பயனில்லை.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு சொல். முன்பக்கத்தை உயர்த்தினால் முன் பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணம் கூடும், முன் அடித்தகடு சற்று உயரும். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃப்பரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மயிரிழைகூட அதிகரிக்காது. அதைக் கூட்டுவது பெரிய டயர் மட்டுமே. பாறைப் பாதையில் முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் அந்த உருண்டைதான்.

பொருளைப் பொறுத்தவரை, ஸ்ட்ரட்டின் தலையில் அமரும் தட்டு அலுமினியமாகவோ எஃகாகவோ இருக்கட்டும். பாலியூரித்தேன் தட்டுகள் காலப்போக்கில் அமுங்கும் தன்மையுடையவை. அமுங்கினால் நட்டுகளின் இறுக்கம் தளரும்.

இனிப் பொருத்தும் முறை. முழு நாள் ஒன்றை ஒதுக்குங்கள். முதல் பக்கம் அரை நாளை விழுங்கும், இரண்டாம் பக்கம் இரண்டு மணி நேரத்தில் முடியும். இரண்டு நாள் முன்பே எல்லா நட்டு போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள், குறிப்பாகச் சாலையில் உப்புத் தூவும் குளிர்ப்பகுதியில் வண்டி ஓடியிருந்தால். தேவையானவை: உறுதியான தரை ஜாக், வண்டியின் எடைக்குத் தகுந்த இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், பின்சக்கரக் கட்டைகள், 14, 19, 21 மில்லிமீட்டர் உள்ளிட்ட சாக்கெட்டுகள், நீண்ட கைப்பிடி, ஒரு கடப்பாரை, நம்பகமான டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கை உணர்வை வைத்து இறுக்குவதற்கு இது தண்ணீர்க் குழாய் அன்று, நீங்களும் உங்கள் குடும்பமும் நெடுஞ்சாலையில் நம்பிப் போகும் சக்கரம்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, முன்சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, கையேட்டில் காட்டியுள்ள குறுக்குச் சட்டத்தில் ஜாக்கை வைத்து முன்பக்கம் முழுவதையும் ஒருசேர உயர்த்துங்கள். ஸ்டாண்டுகள் முன்சக்கரங்களுக்குப் பின்னால் சேஸின் நீளச் சட்டங்களின் கீழ் இருக்க வேண்டும். கன்ட்ரோல் ஆர்மின் கீழ் வைத்தால் ஆர்ம் இறங்காது, ஸ்ட்ரட் வெளியே வராது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வேலை செய்ய முயலாதீர்கள். இரண்டு பக்கங்களையும் இணைக்கும் ஸ்வே பார் முறுக்கிக்கொண்டு ஆர்மைக் கீழே இறங்க விடாது. இரண்டு சக்கரங்களையும் கழற்றியதும், ஸ்வே பாரின் இணைப்புகளை இரு பக்கமும் விடுவியுங்கள். ஏபிஎஸ் ஒயரும் பிரேக் ஹோஸும் பிடிக்கப்பட்டிருக்கும் சிறு தாங்கிகளையும் கழற்றிவிடுங்கள், ஏனெனில் அடுத்த கட்டத்தில் எல்லாம் கீழே இறங்கும்போது முதலில் அறுவது அந்த மெல்லிய ஒயர்தான்.

அடுத்து, கீழ் பால் ஜாயிண்டின் துண்டைச் சக்கரத் தாங்கியோடு இணைக்கும் இரண்டு பெரிய 19 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் கழற்றுவது நான் விரும்பும் வழி. டை ராட் அந்தத் துண்டிலேயே மாட்டியிருப்பதால் அதைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை, பால் ஜாயிண்டைச் சுத்தியலால் அடித்து உறையைக் கிழிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த போல்ட்டுகளை எடுப்பதற்கு முன் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கை லேசாகத் தாங்கக் கொடுத்துவிட்டு, எடுத்த பின் மெதுவாக இறக்குங்கள். சக்கரத் தாங்கி இப்போது மேல் ஆர்மில் மட்டும் தொங்கும். அதை ஒரு கயிற்றால் சேஸோடு கட்டிவிடுங்கள். வெளிப்பக்கமாக அது சாய்ந்தால் சிவி தண்டு உட்பக்க ஜாயிண்டில் இழுபட்டுப் பிரிந்துவிடும், எடை பிரேக் ஹோஸின் மேலும் விழுந்து அதை இழுக்கும்.

பிறகு ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டை எடுத்துவிட்டு, மேலே உள்ள மூன்று 14 மில்லிமீட்டர் நட்டுகளைக் கழற்ற வேண்டும். இங்கே மிகுந்த கவனம் தேவை. அந்த மூன்றுக்கும் நடுவில் பெரிய நட்டு ஒன்று தெரியும். அமுங்கிய ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அதை ஒரு சுற்றுகூடத் தளர்த்தக் கூடாது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதன் மேல் சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவது என் வழக்கம், களைத்துப்போன நேரத்தில் கை தவறிப் போகக் கூடாதல்லவா. மூன்று நட்டுகளில் கடைசியை எடுக்கும்போது ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது கனமானது.

வெளியே எடுத்த ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசரை வைக்கும்போது, இடது வலது மாறாமலும், அடி போல்ட்டின் துளை கீழ் ஆர்மின் தாங்கிக்கு நேராக வரும்படியும் பாருங்கள். கழற்றுவதற்கு முன் தலைத்தட்டிலும் தாங்கியிலும் ஒரு கோடு வரைந்திருந்தால் இது எளிது. சில ஜோடிகளில் ஸ்ட்ரட்டின் பழைய திருகுகள் ஸ்பேசரின் மேற்பரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு தாங்கியில் முட்டும். அப்படிப்பட்டவற்றுக்குத் திருகின் நுனியை அறுக்கச் சொல்லும் குறிப்பு பெட்டியிலேயே இருக்கும். தட்டு தாங்கியோடு இடைவெளியின்றி முழுதாகப் படிகிறதா என்பதை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே நட்டுகளை இறுக்குங்கள்.

ஸ்ட்ரட் இப்போது நீண்டுவிட்டதால், திரும்ப ஏற்றும்போது கீழ் ஆர்ம் போதிய அளவு இறங்காதது போல் தோன்றும். கடப்பாரையால் ஆர்மைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றொருவர் அடி போல்ட்டை நுழைக்க வேண்டும். துளைகள் நேராகாதபோது போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், மரை கெடும். பின்னர் ஜாக்கால் ஆர்மை உயர்த்தி, பால் ஜாயிண்ட் போல்ட்டுகளின் மரைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கையால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். அந்த இரண்டு போல்ட்டுகளுக்கும் 160 நியூட்டன் மீட்டர், அதாவது 118 அடி-பவுண்டு. சேஸின் தாங்கியில் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் மூன்று நட்டுகளுக்குத் தொழிற்சாலை அளவு 64 நியூட்டன் மீட்டர், 47 அடி-பவுண்டு. ஸ்பேசரோடு வரும் நட்டுகள் வேறு அளவாக இருந்தால் அதன் குறிப்பில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டுக்கு 83 நியூட்டன் மீட்டர், 61 அடி-பவுண்டு. சக்கர நட்டுகளுக்கு 113 நியூட்டன் மீட்டர், 83 அடி-பவுண்டு.

அடி போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அதனுள் ரப்பர் புஷ் இருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கப்பட்டே இருந்து, சில மாதங்களில் கீச்சிடத் தொடங்கி, பிறகு கிழியும். அதைக் கைப்பிடி இறுக்கத்தில் விட்டுவிட்டு, சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, சில அடிகள் முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்த பின் கீழே படுத்து இறுக்குங்கள். ஸ்வே பார் இணைப்புகளையும் இந்த நிலையில் இரண்டு பக்கமும் சேர்த்து மாட்டுவது எளிது.

தரையில் இறக்குவதற்கு முன், சக்கரங்கள் இன்னும் தொங்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டீயரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் ஒயர் தளர்வாக இருக்கிறதா, மேல் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். விரல் நுழையும் இடைவெளிகூட இல்லையென்றால் உயரம் அதிகம்.

அலைன்மென்ட் ஏன் கட்டாயம் என்பதற்கு வருகிறேன். மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் வெவ்வேறு நீளமுள்ளவை என்பதால், வண்டி உயரும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்கிறது (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மாறுகிறது, கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. டோ தவறினால் டயரின் விளிம்பு சில ஆயிரம் மைல்களில் மழுங்கிவிடும். கேஸ்டர் குறைந்தால் டயர் தேயாது, அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரத் தயங்கும். அலைன்மென்ட் கடையில் ‘எல்லாம் பச்சையில் இருக்கிறது’ என்ற பதிலோடு திருப்தி அடையாமல், அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, கேஸ்டர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவும், முடிந்தவரை 3 பாகைக்கு அருகிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் ஆர்மின் உட்பக்க போல்ட்டுகளில் உள்ள கேம்களை (மையம் விலகிய வட்டுகளை) திருப்பியே கேம்பரையும் கேஸ்டரையும் சரிசெய்கிறார்கள். அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் கடைக்காரர் டோவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவதுண்டு, ஆகவே கேம்கள் சுழல்கின்றனவா என்பதை நீங்களே முன்கூட்டிப் பார்த்து எண்ணெய் விட்டு வையுங்கள். ஒன்றரை அங்குல உயர்வில் தொழிற்சாலை ஆர்ம்களை வைத்தே நல்ல அளவுகள் கிடைக்கும். மூன்று அங்குலத்தில் பெரும்பாலும் கேஸ்டர் போதாமல் போகும். உங்கள் வண்டியில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருப்பதால், அலைன்மென்டுக்குப் பிறகு அதன் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் கோண உணரியைப் பூஜ்ஜிய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்களில் இந்தியாவில் ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். முன்பக்க அமைப்பு இதே இனம்தான் என்றாலும் நாட்டின் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. எனவே அங்கே உள்ளவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமலும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிந்துகொள்ளாமலும் இதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக முகப்பு விளக்குகள். வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய இரவே, சுவருக்கு 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தையும் ஒளியின் மேல் விளிம்பு விழும் இடத்தையும் சுவரில் டேப்பால் குறித்து வையுங்கள். முன்பக்கத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்தினால், 127 அங்குல இடைத்தூரத்துக்கு அது சிறிய சாய்வுதான். ஆனால் அதே சாய்வு 25 அடியில் ஒளியை மூன்றரை அங்குலமும், 100 அடியில் 14 அங்குலமும் மேலே தூக்குகிறது, விளக்கே உயர்ந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிரே சிறிய காரில் வருபவரின் கண் இருப்பது அந்த உயரத்தில்தான். உயர்த்திய பின் விளக்கின் புதிய மைய உயரத்தைக் குறித்து, ஒளியின் விளிம்பு முன்பு எவ்வளவு கீழே விழுந்ததோ அதே அளவு கீழே விழும்படி திருகைத் திருப்புங்கள். அலைன்மென்ட் முடிந்து ஐந்நூறு மைல் ஓடியதும் மீண்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, மேலே மூன்று நட்டுகள், அடி போல்ட், பால் ஜாயிண்ட் போல்ட்டுகள், சக்கர நட்டுகள் அனைத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். நடுமையத்திலிருந்து ஃபெண்டர் வரையான அளவையும் அப்போது மறுபடி எடுத்து, பழைய தாளில் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.